ஏழை நாடுகளுக்காக வாதாடியவர்

1933-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அர்ஜென்டைனா தேசத்துத் தூதுகோஷ்டி ஒன்று லண்டனில் முகாமிட்டிருந்தது. அதற்குத் தலைவர் அந்நாட்டின் உப ஜனாதிபதி ஹூலியோ ரோகா. உப ஜனாதிபதியே கடல் கடந்து வந்து பேசும்படியான விஷயம் என்ன என்றால், மாட்டிறைச்சிதான்!

அர்ஜென்டைனாவின் செல்வம் அதன் புல்வெளிகளும் கால்நடைகளும். அங்கே வெட்டிக் குளிரூட்டிக் கப்பலேற்றிய இறைச்சிக்குப் பெரிய சந்தை பிரிட்டன். அந்தச் சந்தையின் கதவு மூடிக்கொள்ளும் அபாயம் வந்திருந்தது. முந்திய ஆண்டு, 1932-ல், கனடாவிலுள்ள ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகள் மகாநாடு கூடி, தங்களுக்குள் சுங்க வரியில் சலுகை காட்டிக்கொள்வதென்றும், வெளியார் சரக்குக்கு அந்தச் சலுகை இல்லையென்றும் உடன்பாடு செய்துகொண்டன. (இந்தியாவின் பிரதிநிதிகளில் ஒருவராகக் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் அந்த மகாநாட்டுக்குப் போயிருந்தார்.) ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் சாம்ராஜ்யத்துக்கு உள்ளே, அர்ஜென்டைனா வெளியே. அந்நாட்டு ரயில் பாதைகளில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் கம்பெனிகளுடையவை. ரயில் ஓடியது பிரிட்டிஷ் நிலக்கரியில். இருந்தாலும் வெளியார் வெளியார்தானே!

மே மாதம் 1-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அர்ஜென்டைனா இறைச்சியை 1932-ல் வாங்கிய அளவுக்குக் குறையாமல் வாங்குவதாகப் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. அதற்குப் பதிலாக அர்ஜென்டைனா கொடுத்தது கொஞ்சமல்ல. பிரிட்டிஷ் சாமான்களுக்குச் சுங்கத்தைக் குறைத்தது. நிலக்கரிக்கு வரியே இல்லையென்றது. இறைச்சி ஏற்றுமதியில் நூற்றுக்கு 85 பங்கை அயல்நாட்டு இறைச்சிக் கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்தது. சொந்த நாட்டுக்காரர்களுக்கு மிஞ்சியது 15 பங்கு.

அந்தத் தூதுகோஷ்டியில் கணக்கு வழக்குகளைத் தயார் செய்து கொடுத்த ஆலோசகர் ஒருவர் இருந்தார். வயது 32. ஊர் திரும்பியதும் அவரையும் ஜனங்கள் வசைபாடினார்கள். தேசத்தை விற்றுவிட்டு வந்தவர்கள் என்ற பழி நெடுங்காலம் அவரை விடவில்லை. சலுகையைப் பெரியவன் தன் இஷ்டத்துக்குக் கொடுத்தால் அதற்கு என்ன விலை கேட்பான் என்பதை அந்த வயதிலேயே கண்ணாரக் கண்டவர் அவர். பிற்காலத்தில், உலகத்திலுள்ள பணக்கார நாடுகள் எல்லாம் ஏழை நாடுகளின் சாமான்களுக்கு, பதிலுக்கு ஒன்றும் கேளாமல், சுங்க வரியில் சலுகை தரவேண்டும் என்று வாதாடி, அதற்கு ஒரு திட்டத்தையும் வாங்கிக் கொடுத்தவர் அவரே. அவர் பெயர் ரவுல் பிரெபிஷ்.

மலையடி ஊரில் பிறந்தவர்

பிரெபிஷ் 1901-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, அர்ஜென்டைனாவின் வடமேற்கிலுள்ள டுக்குமான் நகரில் பிறந்தார். தந்தை ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். தாய் அப்பகுதியின் பழைய ஸ்பானிஷ் வம்சத்தைச் சேர்ந்தவர். அண்ணன் ஆல்பர்ட்டோ கட்டடக் கலைஞர். பியூனஸ் அயர்ஸ் நகரத்தின் நடுவில் வானளாவ நிற்கும் ஸ்தூபியை 1936-ல் அமைத்தவர் அவர்தான். அண்ணன் கல்லில் கட்டியதை ஊரார் அண்ணாந்து பார்க்கிறார்கள். தம்பி காகிதத்தில் கட்டியது அவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

1918-ல் தலைநகரில் உள்ள சர்வகலாசாலையில் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தார். 24 வயதிலேயே அங்கு ஆசிரியராகிவிட்டார். சுதந்திர வியாபாரமே உலகத்துக்கு நல்லது என்று ஆங்கிலப் புத்தகங்கள் சொன்னதை அப்போது அவர் முழுமனதாக நம்பினார். மாணவர்களுக்கும் அதையே போதித்தார்.

1930-ல் ராணுவத் தளபதி உரிபுரு ஆட்சியைக் கைப்பற்றினார். அவர் பிரெபிஷின் தாய்வழி உறவினர். இளைஞர் நிதி இலாகாவின் உதவிக் காரியதரிசி ஆனார். ராணுவ ஆட்சியில் உத்தியோகம் ஏற்றது அவருடைய வாழ்க்கையில் ஒரு கறை என்று சொல்பவர்கள் உண்டு. அது நியாயமான குற்றச்சாட்டே. அவர் அங்கே செய்த வேலை வேறு ரகம். நாட்டின் வருமான வரியை ஏற்படுத்துவதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பணக்கார நிலச்சுவான்தார்களுக்கு அது பிடிக்குமா?

உலகப் பொருளாதார மந்தம் தலைக்கு மேல் வந்து நின்றது அப்போதுதான். கோதுமை விலை சரிந்தது, இறைச்சி விலை சரிந்தது. யந்திரங்களின் விலை மட்டும் அவ்வளவாக இறங்கவில்லை. புத்தகத்தில் படித்த சுதந்திர வியாபாரம் கடலுக்கு அப்பால் எங்கோ மறைந்துவிட்டது. படித்ததையெல்லாம் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. அந்த யோசனையின் நடுவில்தான் லண்டன் பயணமும் அமைந்தது.

1935-ல் அர்ஜென்டைனாவின் மத்திய பாங்கு ஆரம்பமானபோது அதன் ஜெனரல் மானேஜராக அவரே நியமிக்கப்பட்டார். எட்டு ஆண்டுகள் திறம்பட நடத்தினார். 1943-ல் மறுபடி ஒரு ராணுவப் புரட்சி, உத்தியோகம் போயிற்று. ஆசிரியர் வேலையும் சில ஆண்டுகளில் போயிற்று. பெரான் ஆட்சியில் அவருக்கு நாட்டிலே இடமில்லை.

நூறு, அறுபத்து நாலானது

1949-ல் ஐக்கிய நாடுகள் சபையின் லத்தீன் அமெரிக்கப் பொருளாதாரக் கமிஷன் அவரை அழைத்தது. அது சிலி நாட்டுத் தலைநகரான சான்டியாகோவில் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்தது. முந்திய ஆண்டு கூப்பிட்டபோது மறுத்தவர், இந்தத் தடவை போனார். ஹவானா நகரில் மே மாதம் நடந்த கூட்டத்துக்காக ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். அந்த அறிக்கைதான் அவர் பெயரை உலகமறியச் செய்தது.

அதில் ஒரு விலைப் பட்டியல் இருந்தது. விளைபொருள்களின் விலையையும் ஆலைச் சாமான்களின் விலையையும் அறுபது ஆண்டுக் காலத்துக்கு ஒப்பிட்ட பட்டியல் அது. 1876 முதல் 1880 வரை ஒரு வண்டி விளைபொருளைக் கொடுத்து 100 ஆலைச் சாமான் வாங்க முடிந்தது என்று வைத்துக்கொண்டால், 1936 முதல் 1938 வரை அதே ஒரு வண்டிக்குக் கிடைத்தது 64 சாமான்தான். மற்ற 36 எங்கே போயிற்று?

பிரெபிஷ் கொடுத்த விளக்கம் இதுதான். புது யந்திரம் வந்து உற்பத்தி பெருகினால் சாமான் விலை குறையவேண்டும் என்பது சாஸ்திரம். பணக்கார நாடுகளில் அப்படி நடப்பதில்லை. அங்கே தொழிற்சங்கங்கள் பலமாக இருப்பதால் அந்த லாபம் கூலியாகவும், முதலாளியின் பங்காகவும் உள்ளூரிலேயே தங்கிவிடுகிறது. ஏழை நாடுகளிலோ வேலை தேடி நிற்கும் கூட்டம் அதிகம், கூலி உயர்வதில்லை. விளைச்சல் பெருகினால் விலை இறங்கி, அந்த லாபம் வாங்குகிறவன் கைக்குப் போய்விடுகிறது. மந்த காலம் வந்தால் முதலில் விழுவதும் அதிகம் விழுவதும் விளைபொருள் விலைதான். உலகத்துக்கு ஒரு நடுவிடம் உண்டு, ஓர் ஓரம் உண்டு. ஓரத்தில் இருப்பவன் எவ்வளவு பாடுபட்டாலும் பலன் நடுவிடத்துக்கு வழிந்து போகிறது என்பது அவர் சித்தாந்தத்தின் சாரம்.

பட்டியலில் குறை கண்டவர்களும் உண்டு. அது பிரிட்டிஷ் வியாபாரக் கணக்கை வைத்துப் போட்ட பட்டியல்; கப்பல் கூலி குறைந்ததை அது சரியாகக் காட்டவில்லை; பழைய யந்திரமும் புதிய யந்திரமும் ஒன்றாகுமா என்றெல்லாம் கேட்டார்கள். இவை அலட்சியம் செய்யத்தக்க கேள்விகள் அல்ல. ஆனால் சர்க்கரையும் காப்பியும் செம்பும் விற்றுப் பிழைத்த நாடுகளின் அதிகாரிகளுக்கு, தங்கள் வீட்டுக் கணக்கை யாரோ எடுத்துப் படித்தது போலிருந்தது. அமெரிக்கா அந்தக் கமிஷனையே மூடிவிட முயன்று, 1951-ல் தோற்றது.

1950 முதல் 1963 வரை பிரெபிஷ் கமிஷனின் நிர்வாகக் காரியதரிசியாக இருந்தார். வெளிநாட்டுச் சாமான்களுக்குச் சுங்கச் சுவர் எழுப்பி உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பது அக்காலத்துக் கொள்கை. அதற்கு ஊக்கம் கொடுத்தவர் அவரே. சுவர் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று கண்டித்தவரும் அவரே. சிறிய நாட்டில் ஆலை வைத்தால் சரக்கை வாங்க ஆள் போதாது. சுவருக்குள் இருப்பவனுக்குப் போட்டி கிடையாது; ஆகவே தரமும் உயராது. ஆலைச் சரக்கை வெளிநாட்டில் விற்றால்தான் மீட்சி என்ற முடிவுக்கு வந்தார். விற்கப் போனால் அங்கேயும் ஒரு சுவர் நின்றது.

அந்தச் சுவரின் அமைப்பு விசித்திரமானது. பச்சைத் தோலாக அனுப்பினால் வரி இல்லை, அல்லது சொற்பம். பதனிட்டு அனுப்பினால் வரி. செருப்பாகத் தைத்து அனுப்பினால் மேலும் வரி. மூலப்பொருளை மட்டும் கொண்டு வா, வேலையை எங்களிடம் விட்டுவிடு என்று சொல்வது போன்ற ஏற்பாடு! ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜெனீவாவில் மூன்று மாதம்

1964-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி ஜெனீவாவில் ஐ.நா. வியாபார அபிவிருத்தி மகாநாடு கூடிற்று. 120 நாடுகளின் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். மகாநாட்டின் பிரதம காரியதரிசி பிரெபிஷ். கியூபாவின் சார்பில் பேச வந்தவர் சே குவேரா. அவரும் அர்ஜென்டைனாவில் பிறந்தவரே. உலக வியாபாரம் ஏழைகளுக்கு அநியாயம் செய்கிறது என்பதில் இருவருக்கும் வேற்றுமை இல்லை. ஒருவர் துப்பாக்கியை நம்பினார். மற்றவர் கணக்கை நம்பினார்.

பிரெபிஷ் முன்வைத்த யோசனைகளில் அதிக விவாதத்தைக் கிளப்பியது சுங்கச் சலுகைதான். அப்போது அமலில் இருந்த காட் என்னும் சர்வதேச வியாபார ஒப்பந்தத்தின் முதல் விதியே, எல்லா நாடுகளையும் ஒன்றுபோல் நடத்த வேண்டும் என்பது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சவலைப் பிள்ளையையும் பயில்வானையும் ஒரே கோதாவில் இறக்கிவிட்டு, இருவருக்கும் ஒரே விதி என்றால் அது நீதியா? ஏழை நாட்டு ஆலைகள் காலூன்றும் வரையில், ஒரு குறித்த காலத்துக்கு, அவற்றின் சரக்குக்கு வரியைத் தள்ளிவிடுங்கள் என்பது பிரெபிஷின் கட்சி.

இன்னொரு நோக்கமும் அதில் அடங்கியிருந்தது. பிரிட்டன் தன் காமன்வெல்த் நாடுகளுக்கு மட்டும் சலுகை கொடுத்துவந்தது. பிரான்ஸ் தன் பழைய ஆப்பிரிக்கக் காலனிகளுக்குக் கொடுத்துவந்தது. ஒவ்வொரு பெரிய வீட்டுக்கும் வாசலில் காத்து நிற்கும் சில சிறு நாடுகள். 1933-ல் அப்படி ஒரு வாசலில் நின்றவர் பிரெபிஷ். ஆகவே பணக்கார நாடுகள் எல்லாம் ஏழை நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சலுகை தரவேண்டும், பதிலுக்கு எதையும் கேட்கக்கூடாது என்று வற்புறுத்தினார். ஏற்கெனவே சலுகை பெற்றுவந்த ஆப்பிரிக்க நாடுகளுக்கே இது பிடிக்கவில்லை; அமெரிக்கா திட்டவட்டமாக எதிர்த்தது. ஜூன் 16-ந் தேதி மகாநாடு முடிந்தபோது சலுகை கிடைக்கவில்லை. அதற்கு முதல் நாள் 77 ஏழை நாடுகள் ஓரணியில் நின்று கூட்டறிக்கை வெளியிட்டன. 77 நாடுகளின் கோஷ்டி பிறந்தது அப்படித்தான். மகாநாடும் நிரந்தர ஸ்தாபனமாயிற்று. பிரெபிஷ் அதன் முதல் பிரதம காரியதரிசியானார். பின்னாளில் இந்தியாவின் பிரதமரான மன்மோகன் சிங் 1966 முதல் 1969 வரை வேலை பார்த்தது இந்த ஸ்தாபனத்தில்தான்.

டில்லி விஞ்ஞான பவனத்தில்

1967 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன், உருகுவே நாட்டில் லத்தீன் அமெரிக்கத் தலைவர்களைச் சந்தித்தபோது, சலுகை யோசனையைப் பரிசீலிக்கத் தயார் என்று தெரிவித்தார். எதிர்ப்பின் முதுகெலும்பு முறிந்தது.

மறு ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி புது டில்லியில் இரண்டாவது மகாநாடு தொடங்கிற்று. இடம் விஞ்ஞான பவனம். தலைவர் இந்திய வர்த்தக மந்திரி தினேஷ் சிங். வேளை நல்ல வேளையல்ல. பிரிட்டன் பவுன் மதிப்பைக் குறைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. வியட்நாம் யுத்தம் உச்சத்தில் இருந்தது. மகாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே, மார்ச் மத்தியில், லண்டன் தங்க மார்க்கெட்டை மூடவேண்டி வந்தது. பணக்கார நாட்டுப் பிரதிநிதிகளின் மனம் டில்லியில் இல்லை.

எட்டு வாரம் பேசி, பெரும்பாலான விஷயங்களில் உருப்படியாக ஒன்றும் தேறவில்லை. சலுகை விஷயத்தில் மட்டும் 21-வது தீர்மானம் என்று ஒன்று நிறைவேறியது. சலுகை எல்லாருக்கும் பொதுவாயிருக்க வேண்டும், பதிலுக்கு எதையும் கேட்கக்கூடாது, பாரபட்சம் கூடாது என்ற மூன்று நிபந்தனைகளும் அதில் எழுதப்பட்டன. எந்தச் சாமானுக்கு, எவ்வளவு, எத்தனை காலத்துக்கு என்பவை எழுதப்படவில்லை. பிரெபிஷ் கேட்டது ஓர் உரிமை; கிடைத்தது ஒரு வாக்கு. அவர் சோர்ந்துபோய் 1969-ல் பதவியிலிருந்து விலகினார்.

கொடுத்ததும் பிடித்துக்கொண்டதும்

1971 ஜூன் மாதத்தில் காட் ஒப்பந்த நாடுகள் தங்கள் முதல் விதிக்குப் பத்தாண்டு விலக்கு அளித்தன. ஐரோப்பியப் பொதுச் சந்தை ஜூலையிலும், ஜப்பான் ஆகஸ்டிலும் திட்டத்தை அமல் செய்தன. அமெரிக்கா 1976 ஜனவரி 1-ந் தேதிதான் ஆரம்பித்தது. 1979-ல் விலக்கு நிரந்தரமாயிற்று. ஜி.எஸ்.பி. என்று ஏற்றுமதிக்காரர்கள் சொல்லும் திட்டம் இதுவே.

நடைமுறையில் அது எப்படி இருந்தது? ஏழை நாடு எதை நன்றாகச் செய்யுமோ அதைத்தான் முதலில் ஒதுக்கினார்கள். அமெரிக்கச் சட்டத்தில் பெரும்பாலான ஜவுளிக்குச் சலுகை இல்லை; செருப்பு வகைகள் பலவற்றுக்கு இல்லை; கைக்கடியாரத்துக்கு இல்லை. கிடைக்கிற சாமானுக்கும் ஓர் உச்சவரம்பு. ஒரு நாட்டின் குறிப்பிட்ட சரக்கு ஓராண்டில் இரண்டரைக் கோடி டாலரைத் தாண்டினாலோ, அச்சரக்கின் மொத்த இறக்குமதியில் பாதியைத் தொட்டாலோ சலுகை நின்றுவிடும் என்பது அமெரிக்கா முதலில் வகுத்த விதி. டாலர் அளவு பிறகு ஆண்டுதோறும் உயர்த்தப்பட்டது. பிள்ளை நடக்கப் பழகியதும் நடைவண்டியைப் பிடுங்கிக்கொள்வது போலத்தான். ஐரோப்பாவோ பல சாமான்களுக்குக் கோட்டா வைத்தது. கோட்டா தீர்ந்த அன்று முதல் பழைய வரி.

சரக்கு எங்கே செய்யப்பட்டது என்பதற்கும் சான்று வேண்டும். அமெரிக்கக் கணக்குப்படி விலையில் நூற்றுக்கு 35 பங்காவது அந்த நாட்டிலேயே ஏற்பட்டதாக இருக்க வேண்டும். இதற்குக் காகிதம் தயார் செய்கிற செலவைப் பார்த்து, வரியையே கட்டிவிட்டுப் போகலாம் என்று இருந்த வியாபாரிகளும் உண்டு. இதற்கிடையில் பணக்கார நாடுகள் தங்களுக்குள் பேசிப் பொதுச் சுங்கத்தையே குறைத்துக்கொண்டு வந்தன. எல்லாருக்கும் வரி குறையக் குறைய, ஏழைக்கென்று இருந்த இடைவெளி தானாகவே சுருங்கியது.

பலனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஹாங்காங், தென் கொரியா, தைவான், சிங்கப்பூர் ஆகியவை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. ஆனால் அவை சலுகை இல்லாமலே முன்னுக்கு வந்திருக்கக்கூடியவை. 1989-ல் அமெரிக்கா அந்த நான்கையும் திட்டத்திலிருந்து நீக்கிற்று. விற்பதற்கு ஆலைச் சாமானே இல்லாத பரம ஏழை நாட்டுக்குச் சலுகை இருந்தென்ன, போயென்ன? பந்தியில் இலை போட்டாகிவிட்டது. உட்காரத்தான் அவர்களுக்குத் தெம்பு இல்லை.

கடைசிக் காலம்

ஏழை நாடுகளுக்கு அவர் செய்த சேவையைப் பாராட்டி, 1974-ம் ஆண்டுக்கான ஜவஹர்லால் நேரு பரிசை இந்தியா பிரெபிஷுக்கு வழங்கியது. 1976-ல் சான்டியாகோவில் கமிஷனுக்கென ஒரு சஞ்சிகை தொடங்கி, தமது பழைய கருத்துகளைத் தாமே அலசிப் பார்த்தார். ஏழை நாடுகளின் துன்பத்துக்குப் பணக்கார நாடுகள் மட்டும் காரணமல்ல, உள்ளூர்ச் செல்வர்கள் அயல்நாட்டாரைப் பார்த்து ஆடம்பரமாக வாழ்ந்து மூலதனத்தைக் கரைப்பதும் காரணம் என்று எழுதினார். 1981-ல் வெளியான புத்தகத்திலும் இதே வாதத்தை விரித்தார். எண்பது வயதில் இப்படி எழுதுவதற்கு மனத்துணிவு வேண்டும்.

சொந்த நாட்டில் அவருக்கு மரியாதை திரும்பி வர வெகு காலமாயிற்று. 1955-ல் பெரான் வீழ்ந்ததும் ராணுவ சர்க்காருக்கு யோசனை சொல்லப் போய், அதனாலும் பகை தேடிக்கொண்டார். 1983-ல் ஜனநாயகம் மீண்டபோது ஜனாதிபதி அல்போன்சின் அவரைக் கூப்பிட்டு ஆலோசகராக்கிக்கொண்டார். 1986-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி பிரெபிஷ் சான்டியாகோவில் காலமானார். 85 வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன.

அவருக்குப் பின்னும் வழக்கு ஓயவில்லை. போதைப்பொருளை ஒடுக்கும் நாடுகளுக்கென்று, பாகிஸ்தான் உட்பட 12 நாடுகளுக்கு மட்டும் ஐரோப்பா அதிகச் சலுகை கொடுத்தது. 2002-ல் இந்தியா உலக வர்த்தக ஸ்தாபனத்தில் முறையிட்டது. பாரபட்சம் கூடாது என்று 1968-ல் டில்லியில் எழுதிய சொல்லுக்கு என்ன பொருள் என்று ஜெனீவாவில் வக்கீல்கள் பழைய தாள்களைப் புரட்டினார்கள். ஒரே நிலையில் உள்ள நாடுகளை ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று 2004-ல் தீர்ப்பாயிற்று. அந்த 12 நாட்டு ஏற்பாடு நிற்கவில்லை. அதன் இடத்தில், மனித உரிமை, தொழிலாளர் உரிமை ஒப்பந்தங்களை நிறைவேற்றும் நாடுகளுக்கு அதிகச் சலுகை என்ற திட்டத்தை ஐரோப்பா கொண்டுவந்தது. இலங்கைக்கு அது கிடைத்து, மனித உரிமை ஒப்பந்தங்களை அமல் செய்யவில்லை என்று 2010 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டு, 2017 மே மாதத்தில் திரும்பக் கிடைத்தது.

2019 ஜூன் 5-ந் தேதி அமெரிக்கா இந்தியாவைத் தன் சலுகைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பெரிய நஷ்டம் இல்லையென்று டில்லி அதிகாரிகள் கணக்குச் சொன்னார்கள். 2017-ல் சலுகையில் போன சரக்கு சுமார் 560 கோடி டாலர்; அதில் மிச்சமான வரி 19 கோடி டாலர்; நூறு டாலர் சரக்குக்கு மூன்றரை டாலர்கூட இல்லை. அமெரிக்கா சொன்ன காரணம், தன் சாமான்களுக்கு இந்தியச் சந்தையில் நியாயமான இடம் தர இந்தியா உறுதி கூறவில்லை என்பது. பதிலுக்கு எதையும் கேட்கக்கூடாது என்று விஞ்ஞான பவனத்தில் தீர்மானம் எழுதி அப்போது 51 ஆண்டுகள் ஆகியிருந்தன.